மீன் வராத நாளின் மீன் வாடை

குறிஞ்சாக்கேணியில் கடல்நீர் புகுந்த களப்போரம் இருந்த அந்த மீன் கொம்பனியில், தீப்பாதுகாப்புக்குப் பொறுப்பான நாலு பேரின் பெயர்கள் வாசலில் தொங்கின. நாலும் ஆண்கள். பரிசோதனைக்கு வந்த அதிகாரி அதை வாசித்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "வெள்ளிக்கிழமை பன்னிரண்டரைக்கு நெருப்புப் பிடிச்சா இதில ஆர் இஞ்ச நிப்பீங்க?"

நாலு பேரும் ஜும்ஆத் தொழுகைக்குப் பள்ளிவாசலில் நிற்கும் நேரம் அது. அப்போது கொம்பனியில் பெண்கள் மட்டுந்தான். அப்படித்தான் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டும் ஸல்ஹாவின் பெயர் ஐந்தாவதாக ஏறியது.

இரண்டு நாள் பயிற்சியும் நடந்தது. "சுவிட்சுப் பெட்டிக்குள்ள பிளாஸ்டிக் சூடேறி உருகினா, சிலவேளை மீன் வாடை அடிக்கும்" என்றார் அதிகாரி.

"அப்ப எங்கட கொம்பனி தொடங்கின நாளிலிருந்து உருகிக்கொண்டுதான் இருக்கு, சேர்" என்றான் மின்வேலை பார்க்கும் நுஸ்கி. எல்லாரும் சிரித்தார்கள். ஸல்ஹாவும்தான்.

பயிற்சி முடிந்து மூன்றாவது வெள்ளிக்கிழமை. வெள்ளிகளில் அந்தப் பக்கத்துத் தோணிகள் கடலுக்குப் போவதில்லை. மீன் வரவில்லை, மண்டபத்தைக் குளோரின் தண்ணீரால் இரண்டு தரம் கழுவியாயிற்று. பெண்கள் பதினைந்து பேர் உட்கார்ந்து பெட்டி மடித்துக்கொண்டிருந்தார்கள். பன்னிரண்டு நாற்பதுக்குத் தண்ணீர் எடுக்கப் போன ஸல்ஹா, மின்சுவிட்ச் அறையைக் கடக்கும்போது நின்றாள். மீன் வாடை.

முதலில் தன் கையைத்தான் மணந்து பார்த்தாள். குளோரின். முற்றத்துக்குப் போய் மூச்சிழுத்தாள், ஒன்றுமில்லை. திரும்பி வந்தாள். அந்தக் கதவடியில் மட்டும், சற்றுப் புளித்த மீன். புகை இல்லை. சத்தமும் குளிரறை இயந்திரங்களின் வழக்கமான இரைச்சல்தான்.

குளிரறையில் இருந்த சூரை மீன் முழுக்க அன்று மாலை கொண்டெய்னரில் ஏற வேண்டியது. வெளிச்சுவரில் உள்ள சிவப்புப் பொத்தானை அமத்தினால் எல்லாம் நிற்கும். "ஒண்டுமில்லாததுக்கு அமத்தினா அண்டைக்கே வீட்ட போகலாம்" என்று முகாமையாளர் றுவைஸ் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். அவளுடைய வீட்டில் வேறு வருமானமும் இல்லை. நாலு பேருக்கும் போன் அடித்துப் பார்த்தாள். நாலு போனும் பள்ளிவாசலில் அணைந்து கிடந்தன.

பிஸ்மி சொல்லி அமத்தினாள்.

பதினொரு வருடமாக அவளுடைய காதுக்குள் குடியிருந்த இரைச்சல் அடங்கிப்போயிற்று. களப்புத் தண்ணீர் கரையில் தட்டுவது கேட்டது. பள்ளிவாசலில் குத்பாப் பிரசங்கம் ஓதுவது அக்கரையிலிருந்து சொல்லுக்குச் சொல் கேட்டது. இவ்வளவு நாளும் இதெல்லாம் எங்கே இருந்தது என்று ஒருகணம் அசந்து நின்றாள். பிறகு குளிரறைக் கதவில் ஒருவரும் கைவைக்கக்கூடாது என்று சொல்லி, எல்லாரையும் வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய் எண்ணினாள். பதினைந்து.

"எடியே, மீன் கொம்பனியில மீன் மணக்குதெண்டு கரண்டை நிப்பாட்டின ஆளை நான் இண்டைக்குத்தான் பார்க்கிறன்" என்றாள் பெட்டி மடித்தவர்களில் ஒருத்தியான கமலாதேவி. "நாளைக்கு உப்பளத்தில உப்புக் கரிக்குதெண்டு பொலிசுக்கு அடி."

ஒன்று இருபதுக்கு றுவைஸ், தலையில் தொப்பியோடு மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். பின்னால் நுஸ்கி.

"கரண்ட் போயிட்டா, புள்ள?"

"போகல்ல நானா. நான்தான் நிப்பாட்டின."

"ஏன்?"

"மீன் மணந்திச்சி."

றுவைஸ் அவளையே பார்த்தார். "மீன்?"

"ஓம்."

அவர் வாயைத் திறக்குமுன் நுஸ்கி உள்ளே போய்விட்டான். மின்சாரம் இல்லை என்பதைச் சோதித்துவிட்டுப் பெட்டியைத் திறந்தான். "நானா, இஞ்ச வாங்க."

தடித்த கம்பிகளின் உறை மெழுகாய் வடிந்து இறுகியிருந்தது. கம்பிகளைப் பிடித்திருந்த கட்டை பழுப்பேறி வெடித்திருந்தது. பெட்டியைத் தாங்கிய பலகையில் உள்ளங்கை அகலத்துக்குக் கரி. அந்தக் கரிக்கும், அப்பால் அடுக்கியிருந்த, எளிதில் பற்றும் ரெஜிபோம் நுரைப் பெட்டிகளுக்கும் இடையில் ஒரு விரற்கடைதான்.

"இது இண்டைக்குத் தொடங்கினதில்ல" என்றான் நுஸ்கி. அவனுடைய குரல் தணிந்திருந்தது. "ரெண்டு மூண்டு கிழமை இருக்கும். நானும் மணந்திருப்பன். மீனெண்டுதான் நினைச்சிருப்பன்."

"ஸுப்ஹானல்லாஹ்" என்றாள் ஸல்ஹா. பயம் அப்போதுதான் வந்தது. பயத்தைவிடப் பெரிதாக வேறொன்றும் வந்தது. சுடர் காட்டாமல், புகை விடாமல், தங்களுடைய மீனின் வாடையையே போர்த்திக்கொண்டு, பதினாறு பெண்களின் பக்கத்தில் அந்த நெருப்பு வாரக்கணக்காக உட்கார்ந்திருக்கிறது. அவள் அந்தக் கரியைக் கண்ணெடுக்காமல் பார்த்தாள்.

எல்லாரும் வெளியே வந்ததும் றுவைஸ் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். "ஆறு மணிக்குக் கொண்டெய்னர் வருது. பெண்டுகள உள்ள விடுவமா, நுஸ்கி?"

"அத ராத்தாட்டதான் கேக்கணும்" என்று ஸல்ஹாவைக் காட்டினான் நுஸ்கி.

றுவைஸ் திரும்பினார். பதினொரு வருடத்தில் அவர் அவளிடம் எதிலும் யோசனை கேட்டதில்லை. "என்ன செய்வம், ஸல்ஹா?"

"கதவத் தொறக்காட்டி குளிர் நிக்கும். கம்பியெல்லாம் மாத்தி, சோதிச்சி முடியுமட்டும் ஒருத்தரும் உள்ள போகக்கூடாது." சற்று நிறுத்தினாள். "நீங்களும்தான், நானா."

மண்டபப் படியில் வைத்த காலை றுவைஸ் கீழே எடுத்தார்.