கட்டம் என்று யார் தேடுவார்கள்?

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் எரிச்சலில் பிறந்தது. என் பழைய லேப்டாப்பில் இருப்பது விண்டோஸ் இல்லை, லினக்ஸ். ஸ்கேன் செய்த பக்கங்களை ஒன்றாகச் சேர்க்க அதன் ஆப் ஸ்டோரில் ஒரு மென்பொருள் தேடி அரைநாள் வீணாய்ப் போனது. நண்பரிடம் புலம்பினேன். அது அங்கேயேதான் இருக்கிறதாம், பெயரைத் தட்டினால் வருமாம். பெயர் தெரிந்தவன் எதற்காகத் தேடப்போகிறான்?

முதல் தொடக்கம்: கடற்கரைச் சாலையில் காலை வெயில் மெல்ல

வேண்டாம். புதுச்சேரிக் கதை என்றாலே எல்லோரும் அந்தச் சாலையில் போய் நின்றுகொள்கிறார்கள். என் ஆள் இருப்பது உழவர்கரையில், ஒரு குடியிருப்பின் முதல் மாடியில்.

2

ஹேமலதா பகலில் கம்பெனி வேலை பார்ப்பவள். மிச்ச நேரத்தில் மென்பொருள் எழுதி இலவசமாகக் கொடுப்பவள். பேச முடியாதவர்களுக்காக இரண்டு வருடம் முன்பு ஒன்று செய்தாள். திரையில் படம் போட்ட கட்டங்கள் இருக்கும். தண்ணீர்ப் படத்தைத் தொட்டால் "தண்ணி வேணும்" என்று லேப்டாப் குரல் கொடுக்கும். பெயர் "கட்டம்". ஆப் ஸ்டோரில் ஏற்றியும் விட்டாள். இதுவரை இறக்கிக்கொண்டவர்கள் பதினோரு பேர். (அதில் நான்கு தடவை அவளேதான். இது அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரியும்.)

யாருக்கும் தேவைப்படவில்லை போலிருக்கிறது என்று மனதைத் தேற்றிக்கொண்டிருந்தாள்.

3

அவள் வீட்டுக்கு வாடிக்கையாக மீன் கொண்டுவருபவள் சுலோசனா. ஒருநாள் வாசலில் சங்கரா மீனை அரிந்துகொண்டே வீட்டுக் கதையைச் சொன்னாள். அவள் புருஷன் சின்னக்கண்ணு நோணாங்குப்பத்தில் படகு ஓட்டியவர். ஐந்து மாதம் முன்பு வாதம் வந்து பேச்சு போய்விட்டது. புத்தி மட்டும் தெளிவாக இருக்கிறது; எழுதிக் காட்டவும் எழுத்து தெரியாது. என்ன கேட்கிறார் என்று புரியாமல் தினம் சண்டை. முந்தாநாள் சோற்றுத் தட்டை வீசி எறிந்துவிட்டு அழுதாராம். மகள் விட்டுப்போன லேப்டாப்பிலும் லினக்ஸ்தான். அதன் ஆப் ஸ்டோரில் சுலோசனாவே தேடித் தேடிப் பார்த்தாளாம். இதற்கென்று இன்னும் யாரும் எதுவும் செய்யவில்லை போல என்றாள்.

ஹேமலதா வாசற்படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இன்னான்னு அடிச்சுத் தேடினீங்கக்கா?"

"வேற இன்னான்னு அடிப்பாங்க? பேச்சு வரலன்னு அடிச்சேன். வாய் பேச முடியலன்னு அடிச்சேன். ஒண்ணும் வரல."

ஸ்டோரில் ஹேமலதா எழுதிவைத்திருந்த விளக்கம் இது: "படக்கட்ட அடிப்படையிலான மாற்றுத் தொடர்பாடல் இடைமுகம்." தேடுசொற்களுக்கான இடம் காலி. ஒரு படம்கூட இல்லை.*

* அவள் சோம்பேறி இல்லை. இந்தத் தொழிலில் இருப்பவர்கள் கறுப்புத் திரையில் பெயரோடு ஒரு வரி தட்டி, ஸ்டோர் பக்கம் போகாமலே எதை வேண்டுமானாலும் போட்டுக்கொள்வார்கள். தான் செய்ததை ஸ்டோருக்குள் போய் அவள் ஒருநாளும் தேடியதில்லை. நானும் என் புத்தகத்தை, அதன் பெயர் தெரியாதவனைப் போல எந்தக் கடையிலும் தேடியதில்லை.

4

இங்கே நான் மாட்டிக்கொண்டேன். ஹேமலதா நேரே போய் இரண்டே நிமிடத்தில் போட்டுக் கொடுத்துவிடலாமே? கதை சீக்கிரம் முடிந்துவிடும் என்பதற்காக ஒரு மனிதனை வாயடைத்து உட்காரவைப்பது அயோக்கியத்தனம். ஆகவே அன்று சாயங்காலமே அவளை நோணாங்குப்பத்துக்கு அனுப்பிவிட்டேன்.

போட்டுக் கொடுப்பதற்கு முன் மறுபடியும் ஒருமுறை தேடிக் காட்டச் சொன்னாள். சுலோசனா ஒற்றை விரலால் தட்டினாள். பேச்சு வரல. வாய் பேச. வாதம். பிறகு அதையே இங்கிலீஷ் எழுத்தில். ஹேமலதா குறுக்கே பேசாமல் அத்தனையையும் எழுதிக்கொண்டாள். அவையே தேடுசொற்களாக ஏறின. விளக்கம் "பேச முடியாதவர்கள் படத்தைத் தொட்டுப் பேசலாம்" என்று மாறியது. நான்காம் நாள் சுலோசனா தட்டிப் பார்த்துவிட்டுப் போன் செய்தாள்.

"இப்ப மொதல்ல அதான் வருது."

[இங்கே முடித்துவிடலாம். பதினோரு பேர் இருநூறு பேர் ஆனார்கள் என்று ஒரு வரி சேர்த்தால் நீங்களும் நிம்மதியாக]

5

ஆனால் அந்தச் சாயங்காலத்தில் ஒன்றை நான் தாண்டி வந்துவிட்டேன்.

சின்னக்கண்ணு மடியில் லேப்டாப்பை வைத்தார்கள். அவர் தண்ணீரைத் தொட்டார். குரல் வந்தது. சுலோசனா ஓடிப்போய்க் கொண்டுவந்தாள்; அவர் குடிக்கவில்லை. விரல் நகர்ந்துகொண்டே இருந்தது. சாப்பாடு, வலி, தூக்கம், கக்கூஸ், டாக்டர். அடுத்த பக்கம். திரும்பவும் முதல் பக்கம்.

"இன்னாய்யா தேடுற?" என்றாள் சுலோசனா.

ஹேமலதாவுக்குப் புரிந்தது. நோயாளிக்கு என்னவெல்லாம் வேண்டியிருக்கும் என்று அவளே முடிவுசெய்து அடுக்கிய நாற்பது கட்டங்கள் அவை. அவர் தேடுவது அதில் இல்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. புதிதாக ஒரு காலிக் கட்டத்தைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள்.

"இதுல இன்னா வைக்கணும் மாமா?"

படகா என்று கேட்டாள். தலை அசைந்து மறுத்தது. மகளா? அதுவும் இல்லை. அவர் கண் சுலோசனாவிடமே இருந்தது, தம்ளரோடு நின்ற அவள் முகத்தில்.

நான் ஒரு சொல்லை எழுதிப் பார்த்தேன்; அடித்துவிட்டேன். நான் வைத்தால் அது நாற்பத்தோராவது கட்டம், அவ்வளவுதான். அவர் காத்திருக்கிறார். தட்டை எறிந்த ஒருவர், அதை எடுத்துக் கழுவி வைத்தவளிடம் சொல்லத் தேடும் சொல் உங்களிடம் இருந்தால் இதில் வைத்துவிடுங்கள். விரல் இதன் மேல்தான் இருக்கிறது.

[                    ]