சிபாரிசு வேண்டாத இடம்

ராஜா ஆட்சி முடிந்து, எங்கள் சமஸ்தானம் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. டவுனில் அந்த ஆண்டு புதிதாக ஒரு காலேஜ் திறந்தார்கள். பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சையில் இங்கிலீஷில் நாற்பது, மற்றப் பாடங்களில் முப்பத்தைந்து எடுத்தவன் எவனாக இருந்தாலும் இன்டர்மீடியட்டில் இடம் உண்டு, எவருடைய சிபாரிசும் வேண்டாம் என்று அறிவித்தார்கள். எங்கள் ஹெட்மாஸ்டர் சூசைராஜ் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"உடையப்பா, ஒனக்கு இங்கிலீஷ்லயே அறுபதுக்கு மேல இருக்கு. நேரே போய் நில்லு. சேத்துக்குவாங்க."

எங்கள் குடும்பத்தில் எழுத்துத் தெரிந்த முதல் ஆள் நான். காலேஜ் கிடைத்தால் உத்தியோகம். கிடைக்காவிட்டால் அப்பாவின் வானம் பார்த்த பூமியும் ஏரும்தான். நடுவில் வேறு வழி கிடையாது. அப்பா ஆண்டியப்பனும் படிப்புக்குக் குறுக்கே நிற்கிற ஆள் இல்லை. காலேஜ் சம்பளம் கட்டுவதற்கென்று வண்டிமாடு ஒன்றை முன்னதாகவே விற்றுவிட்டார். அவருக்குப் பிடிபடாதது ஒன்றே ஒன்றுதான். யாரையும் கேட்காமல் ஒரு பொருள் எப்படிக் கிடைக்கும்?

"கேக்காமக் குடுக்குறானா? யார்ரா அவன், அம்புட்டுத் தாராளக்காரன்?" என்றார்.

"ரூலுப்பா. மார்க் இருந்தாப் போதும்."

"நமக்குக் கேக்காம வந்தது அம்மை ஒண்ணுதேன்டா."

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கிணறு வெட்ட அப்பா ஒருவருடைய காலில் விழுந்தார். பட்டா மாற்ற இன்னொருவருடைய வாசலில் நின்றார். வரப்புச் சண்டையில் சித்தப்பாவை ஸ்டேஷனில் உட்கார வைத்தபோதும் ஒரு பெரிய மனிதர் வாயைத் திறந்த பிறகுதான் விட்டார்கள். அவருடைய ஆயுசு முழுக்க உலகம் அப்படித்தான் நடந்திருந்தது.

பொறுக்க மாட்டாமல் ஒருநாள் நானே பஸ் ஏறி காலேஜுக்குப் போனேன். கிளார்க் மார்க்கைப் பார்த்தார், தலையாட்டினார். "எல்லாம் சரியா இருக்கு தம்பி. அப்பாவைக் கூட்டிட்டு வந்து கையெழுத்துப் போடச் சொல்லு. கைநாட்டுன்னாலும் சரிதான். வெள்ளிக்கிழமை கடைசி." வீடு வரைக்கும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

அப்பாவிடம் சொன்னதும் அவர் முகம் இறுகிவிட்டது. "அப்பனைக் கூட்டிட்டு வான்னானா? இப்பத்தேன் வெளங்குது. பின்னாடி யாரு இருக்கான்னு பாக்குறான். நான் போய் நின்னா என் வேட்டியப் பாத்துட்டு இல்லைன்னுருவான். ஒனக்குத் தெரியாது, பேசாம இரு."

மறுநாள் ஒரு பலாப்பழத்தைத் தோளில் தூக்கிக்கொண்டு, திருமயம் பக்கத்தில் பெரிய செல்வாக்குள்ள ஏகாம்பரம் செட்டியார் வீட்டுக்குப் போனார். என்னையும் இழுத்துக்கொண்டு போனார். செட்டியார் கேஸ் விஷயமாகப் பட்டணம் போயிருந்தார். "இன்னைக்கு வந்துருவாக, இல்லைன்னா நாளைக்கு" என்றார் கணக்குப்பிள்ளை. நாங்கள் முகப்பில் உட்கார்ந்தோம். மறுநாளும் போய் உட்கார்ந்தோம். அதற்கு மறுநாளும். பழம் பழுத்து, வாசனை வீடு முழுக்க ஏறி, கடைசியில் வேலைக்காரர்களே அறுத்துத் தின்று எங்களுக்கும் இரண்டு சுளை கொடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலையில் நான் அழுதே விட்டேன். "அப்பா, இன்னைக்கு மட்டும் வாங்க. சும்மா போய்க் கேட்டுப் பாப்போம். இல்லைன்னா திரும்பி வந்துருவோம்."

"ஒரு தடவை இல்லைன்னுட்டா அப்பறம் பெரியவுக சொன்னாலும் மாத்த மாட்டாய்ங்கடா. காரியத்தைக் கெடுக்காதே" என்று தலையைத் தடவிக் கொடுத்தார். அன்பாகத்தான் தடவினார். அதுதான் இன்றைக்கும் எனக்குப் பொறுக்கவில்லை.

செட்டியார் ஞாயிற்றுக்கிழமை வந்தார். நல்ல மனிதர். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இம்புட்டு மார்க்குக்கு நான் எதுக்கு ஆண்டியப்பா?" என்றார். அப்பா கும்பிட்ட கையை இறக்கவில்லை. மறுநாள் செட்டியார் தம்முடைய காரிலேயே எங்களை ஏற்றிக்கொண்டு காலேஜுக்கு வந்தார். கார் வாசலில் நின்றதும் அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார். இப்போது பார் என்பது அதற்கு அர்த்தம்.

பிரின்சிபால் எழுந்து நின்று வரவேற்றார். செட்டியாருக்கு நாற்காலி போட்டார்கள்; காபி வந்தது. என் மார்க்கைப் பார்த்துவிட்டுப் பிரின்சிபால் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் இடம் இருந்துச்சுங்க. இந்தப் பையன் அப்பாவோட வந்து நின்னிருந்தாப் போதும். அன்னைக்கே லிஸ்டை முடிச்சு யுனிவர்சிட்டிக்கு அனுப்பியாச்சு. இனி என் கையில ஒண்ணும் இல்லை."

"அடுத்த வருஷம்?" என்றார் செட்டியார்.

"இந்த உறுதி அந்தந்த வருஷம் பாஸ் பண்றவங்களுக்குத்தாங்க. பழைய பசங்களுக்குச் சொல்ல முடியாது."

செட்டியார் இன்னும் இரண்டு வார்த்தை கேட்டுப் பார்த்தார். பிறகு காபியைக் குடிக்காமலே எழுந்தார். எங்களை பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிடும்போது அவரால் எங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அப்பா ஒரு மரத்தடியில் குந்தி உட்கார்ந்தார். நான் பக்கத்தில் நின்றேன். வந்து நின்றிருந்தாலே போதும் என்று பிரின்சிபால் சொன்னது அவர் காதிலும்தான் விழுந்தது. இப்போதாவது தலையில் அடித்துக்கொள்வார், நம்மால்தான் கெட்டது என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். சொன்னால் கத்தித் தீர்த்துவிடலாம் என்று அவ்வளவு கோபத்தையும் சேர்த்து வைத்திருந்தேன். அவர் தரையைப் பார்த்தபடியே சொன்னார்.

"தப்பு என் மேலதேன்டா. செட்டியாரு பத்தலை. மந்திரி வீட்டு வாசல்லயே போய் விழுந்துருக்கணும்."

எனக்குக் கத்த வரவில்லை. எங்கள் ஊர் பஸ் வந்ததும் அவருக்குக் கை கொடுத்து எழுப்பிவிட்டேன்.