முழு மனதோடு மதிக்கிறேன்

சீச்சீ, அந்த நாற்றத்தை என்னவென்று சொல்ல! டேட்டா சென்டரின் குளிர்விப்புத் தொட்டியில் இறங்கி, சுவரில் படிந்த வழவழப்பான பாசியைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டுவதுதான் அந்த மெக்கானிக்கின் பிழைப்பு. உள்ளே அடுக்கடுக்காக நின்ற ஏஐ மெஷின்கள் ஊருலகத்துக்கெல்லாம் பதில் எழுதிக்கொண்டிருந்தன. அவற்றின் சூடு தணிய லாரி லாரியாகத் தண்ணீர் ஆவியாகிப் போனது. அவன் குடியிருந்த தெருவிலோ குழாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது.

மூன்றாவது மாடிக்குக் குடம் குடமாகத் தூக்கியவள் அவன் மனைவி. "வயிறு இழுத்துப் பிடிக்குதுங்க, நீங்க ரெண்டு குடம் தூக்கக் கூடாதா?" என்று கேட்டாள். "நாள் பூரா தண்ணியிலதான் நிக்கிறேன், வீட்டுலயுமா?" என்று எரிந்து விழுந்தான் அந்த மகராசன்.

"ஊரான் மெஷினுக்குத் தண்ணி காட்டத் தெரியுது, பொண்டாட்டிக்கு ஒரு குடம் தூக்க வலிக்குதோ?" என்று பொரிந்துவிட்டு அவள் அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அங்கிருந்து நீளநீளமாக மெசேஜ் அனுப்பினாள். படிக்க அவனுக்குச் சோம்பல். அதை அப்படியே ஏஐயிடம் கொடுத்து, "சமாதானமா ஒரு பதில் போடு" என்பான். வந்ததையும் படிக்காமல் அனுப்பிவிடுவான்.

"ஒரு சாரிக்கு இத்தனை தண்ணியாண்ணே? வாயால சொன்னா எச்சில்கூடச் செலவாகாதே!" என்று இதைப் பார்த்துக் கூட வேலை செய்பவன் கேலி பண்ணியபோது, வெட்கமில்லாமல் அவனும் சேர்ந்து சிரித்தான்.

வெள்ளிக்கிழமை, தொட்டிக்குள் நிற்கும்போது மனைவியின் அண்ணன் போன் செய்தார்.

"நீயெல்லாம் ஒரு மனுஷனாய்யா? நேத்து அவளுக்குக் குடலிறக்க ஆபரேஷன். எட்டிப் பார்த்தியா?"

"எனக்கு யாரும் சொல்லலையே மச்சான்!"

"சொல்லலையா? போனை எடுத்துப் பாரு."

பார்த்தான். 'வியாழக்கிழமை ஆபரேஷன். பயமா இருக்கு. கையெழுத்துப் போட வருவீங்களா?' அதற்குக் கீழே அவன் அனுப்பிய பதில்: 'உனக்குத் தேவையான நேரத்தை எடுத்துக்கொள். உன் முடிவை முழு மனதோடு மதிக்கிறேன்.'

இத்தனை வருடம் பாசி நாற்றத்துக்கு முகம்கூடச் சுளிக்காதவன், அன்றைக்குத் தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தான்.

போட்டிருந்த உடுப்போடு ஆஸ்பத்திரிக்கு ஓடினான். கட்டிலருகே குனிந்து, "சத்தியமா அதை எழுதினது நான் இல்லம்மா" என்றான்.

"தெரியும். ஒன்பது வருஷத்துல ஒரு நாளாவது என்னை மதிக்கிறேன்னு சொன்னவரா நீங்க? முதல் மெசேஜ்லயே தெரிஞ்சுபோச்சு." தையல் இழுத்தது, பல்லைக் கடித்துக்கொண்டாள். "யார் எழுதினா என்ன, நான் எழுதினதையாவது படிக்கிறீங்கன்னு நெனச்சேன்."

அவன் அவள் கையைப் பிடிக்கப் போனான்.

"தொடாதீங்க, நாறுது" என்று சொல்லி, கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.