வெள்ளையடித்த மண்டபம்

தொல்லியல் துறை அதிகாரி வருகிறார் என்று தெரிந்ததும் வடக்குப்பட்டு அப்பாவு மண்டபத்துக்கு வெள்ளையடித்துவிட்டார். பெரிய மனிதர் வரும்போது அழுக்கோடு காட்டலாமா? திருவிழாவுக்கு அடிப்பதுபோல் சுண்ணாம்பும், நடுநடுவே காவிப் பட்டையும். ஊரே கூடி, அவர் வருவதற்கு முதல் நாள் பொழுது சாய்வதற்குள் முடித்தது.

மாசி மகத்தன்று ஊர்ப் பெருமாள் இளைப்பாறும் மண்டபம் அது. தொழிற்சாலைக்குப் போகும் புதுச் சாலை அதை இடித்துக்கொண்டு போவதாக இருந்தது. காப்பாற்றச் சொல்லி மனுப் போட்டவர் அப்பாவுதான்.

அதிகாரி சக்ரபாணி மண்டபத்தைச் சுற்றி வந்தார். தொட்ட விரலில் சுண்ணாம்பு ஒட்டியது.

"கல்வெட்டு இருக்குன்னு எழுதியிருந்தீங்களே, எங்கே?"

"தோ, அடிக்கல்லு பூரா கீது சார்..." என்று குனிந்த அப்பாவு அப்படியே நின்றுவிட்டார். அங்கே வெள்ளையும் காவியும் மட்டுமே இருந்தன.

சக்ரபாணி கோபப்படவில்லை. "எல்லாப் பழைய கட்டடத்தையும் சட்டம் எடுத்துக்காது, பெரியவரே. நாட்டுக்கே முக்கியம்னா மத்திய அரசு பாதுகாக்கும். மாநிலத்துக்கு முக்கியம்னா எங்க துறை. ரெண்டுலயும் சேரலேன்னா இடிக்கிறவங்களைத் தடுக்க வழியில்லை. படிக்க முடியாத கல்வெட்டை வெச்சு நான் என்னன்னு எழுதறது?"

அப்பாவுவின் மனைவி செங்கமலம் தலையில் அடித்துக்கொண்டாள். "சாமிக்குச் சட்டை தைக்கிறேன்னு வாயைத் தைச்சிட்டியே மனுஷா!"

"கம்பி பிரஷ் போட்டுத் தேய்ச்சிடட்டுமா சார்?"

"ஐயையோ, எழுத்தே போயிடும். தண்ணியும் தேங்காய் நாரும் போதும். நேத்து அடிச்சதுதானே, வந்துடும். ஆனா நிறைய தண்ணி வேணும்."

பங்குனி வெயிலில் ஏரி வெடித்துக் கிடந்தது. கிணற்றில் வாளி தரை தட்டியது. பெண்கள் குடங்களில் கொண்டுவந்து ஊற்றினார்கள். ஒன்றிரண்டு எழுத்து எட்டிப் பார்த்தது. அதிகாரி மாலைக்குள் காஞ்சிபுரம் திரும்ப வேண்டும். சாலை வேலையோ இரண்டொரு நாளில் மண்டபத்தை எட்டிவிடும்.

ஜல்லியை நனைக்கத் தண்ணீர் லாரியோடு நின்றிருந்த சாலை சூப்பர்வைசர் மோகன் மெல்ல நடந்து வந்தான்.

"இன்னா பெரியவரே, எங்க ரோட்டை நிறுத்தறதுக்கா இந்தப் பாடு?"

"ஆமாம்பா," என்றார் அப்பாவு. பொய் சொல்ல அவருக்கு வரவில்லை.

மோகன் பெண்களின் குடங்களைப் பார்த்தான். இத்தனை நாளும் அவன் ஆட்கள் வாசலில் நின்று தண்ணீர் கேட்டபோது இல்லை என்று சொல்லாத வீடுகளின் குடங்கள் அவை. அவன் திரும்பிக் கத்தினான்.

"டேய் ராஜாமணி! லாரியை ரிவர்ஸ்ல கொண்டா!"

"உங்க கம்பெனில ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?" என்றாள் செங்கமலம்.

"ஜல்லி நாளைக்கு நனையும்க்கா. தண்ணிய வெச்சுக்கினு இல்லேன்னு சொன்னா சோறு எறங்காது."

நாம் எதிரி என்று முடிவுகட்டிய மனிதரின் கையாலேயே ஆண்டவன் பல நேரம் கொடுக்கிறான். வாங்கிக்கொள்ள நமக்குத்தான் கூச்சம்.

நாரும் தண்ணீருமாக எல்லோரும் தேய்த்தார்கள். சக்ரபாணி முட்டி போட்டு விரலால் தடவிப் படித்தார். "அரசர் பேர் இருக்கு... விளக்குக்கு நெய் தர ஒரு அம்மா தானமா ஆடு விட்டிருக்காங்க."

"அந்த ஆடெல்லாம் இப்ப எங்க சார் கீது?" என்றான் ராஜாமணி.

"உன் வயித்துலதான்!" என்றாள் செங்கமலம். அதிகாரியும் சிரித்துவிட்டார்.

கிளம்பும்போது அவர் அப்பாவுவிடம், "மாநிலப் பாதுகாப்புக்கு எழுதறேன். கிடைச்சா வெள்ளையடிக்கக் கூடாது, ஆணி அடிக்கக் கூடாது. விளக்கு தாராளமா ஏத்துங்க," என்றார். முடிவு தெரியும்வரை மண்டபத்தைத் தொடக்கூடாது என்று சாலைக்காரர்களுக்கும் எழுதினார்.

ஆடியில் அறிவிப்பு வந்தது. மண்டபத்தைப் பாதுகாக்க அரசு எண்ணியிருப்பதாகவும், ஆட்சேபம் உள்ளவர்கள் கெடுவுக்குள் தெரிவிக்கலாம் என்றும் அதில் இருந்தது. அப்பாவு அதைப் படித்துவிட்டு நேரே மோகனிடம் போனார்.

"உங்க ஆளுங்க ஆட்சேபம் எழுதுவாங்களாப்பா?"

"எழுதலாமான்னு கேட்டாங்க. மண்டபத்தை வுட்டு வடக்கால வளைச்சா அங்க மண்ணு கெட்டியா கீது, ரோடு நிக்கும்னு சொன்னேன். நானே தோண்டிப் பார்த்தேன், நெசமாவே கெட்டி. சரின்னுட்டாங்க."

அப்பாவு கைகூப்பினார்.

"சும்மா நின்னா எப்படி? இதைப் புடிங்க," என்று அளவு நாடாவின் ஒரு முனையை மோகன் நீட்டினான். அப்பாவு அதைப் பிடித்துக்கொண்டு வடக்கே நடந்தார்.