கழுதை உதைத்த கால்

சான் அந்தோனியோவில் அலாமோ கோட்டையைப் பற்றி விசாரிக்கிறவர்கள் எல்லாரும் சண்டையைத்தான் கேட்பார்கள். யார் எந்தச் சுவரில் நின்றான், யார் எப்படிச் செத்தான் என்று துருவித் துருவிக் கேட்பார்கள். அந்தச் சுவரை ஒட்டி ஓடுகிற வாய்க்காலைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கமாட்டார்கள். சண்டை ஒரு தவக்காலத்துச் சமாசாரம். வாய்க்கால் நூறு வருஷத்து உழைப்பு. லியோகாதியாவுக்கு இதில் தீராத எரிச்சல்.

எரிச்சல்படுவதற்கு அவளுக்கு உரிமையும் இருந்தது. ஸ்பெயின் பாதிரிமார்கள் வந்து சிலுவை நட்டது என்னவோ வாஸ்தவம். மண் வெட்டியதும் கல் சுமந்ததும் அவளுடைய முன்னோர்கள். பாதிரிமார்களுக்கு முன்பே அந்த ஆற்றங்கரையில் திரிந்த பூர்வகுடிகள். கோயில் கட்டினார்கள். எழுப்ப எழுப்ப இடிந்தது. கடைசிவரை கூரை முழுதாக நிற்கவில்லை. வாய்க்கால் மட்டும் ஒரு வருஷமும் பொய்க்கவில்லை. பிறகு பாதிரிமார்கள் போனார்கள், நிலம் குடிகளுக்குப் பங்கானது. காலிக் கட்டடத்தில் அலாமோ என்ற ஊரிலிருந்து வந்த குதிரைப்படை குடியேறியது. அந்த ஊர்ப்பெயர் கட்டடத்தோடு ஒட்டிக்கொண்டது. சாமி இருந்த இடத்தில் துப்பாக்கி வந்து உட்கார்ந்தால் என்ன நடக்குமோ அதுதான் போன வருஷம் நடந்தது. டெக்ஸாஸ்காரர்கள் உள்ளே, மெக்சிகோ படை வெளியே. உள்ளே இருந்தவர்கள் அநேகமாக எல்லாரும் செத்தார்கள். ஜெயித்தவர்களும் வேறொரு இடத்தில் தோற்றுப்போய், ஊரைவிட்டுக் கிளம்பும்போது சுற்றுச்சுவரை இடித்துத் தள்ளிவிட்டுப் போனார்கள்.

இடித்த கல்லெல்லாம் எங்கே விழுந்தது? வாய்க்காலில்.

விதைப்புக்கு முன்னால் வாய்க்காலைத் தூர் வார வேண்டும் என்பது பாதிரிமார் காலத்துக் கட்டு. ஒரு முறைத்தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்கிற இரண்டு வீடும் சேர்ந்து தங்கள் பங்குத் துண்டை வார வேண்டும். வாராவிட்டால் அந்த வருஷம் தண்ணீர் கிடையாது. தண்ணீர் இல்லாவிட்டால் சோளம் இல்லை. லியோகாதியாவின் வீட்டுக்கு விழுந்த துண்டு கோயில் சுவரை ஒட்டியது. கல் அதிகம் விழுந்ததும் அங்கேதான். அவள் வீட்டோடு முறைத்தண்ணீரைப் பங்கிட்டுக்கொள்கிறவன் பக்கத்துக் குடிசை நிக்கானோர். அவனும் அவள் புருஷன் எவரிஸ்தோவும் ஒரு வருஷமாகப் பேசிக்கொள்வதில்லை.

சின்ன வயதிலிருந்து வாடா போடா என்று வளர்ந்தவர்கள். லியோகாதியாவின் மகள் பிலிபாவுக்கு ஞானஸ்நானம் நடந்தபோது குழந்தையைக் கையில் ஏந்தியவன் நிக்கானோர். அந்த நிமிஷத்திலிருந்து பெற்ற தகப்பனும் ஞானத்தகப்பனும் ஒருவருக்கொருவர் கொம்பாத்ரே; பெற்ற தாய் ஞானத்தகப்பனுக்குக் கொமாத்ரே. அதன்பின் வாடா போடா இல்லை, வாங்க போங்கதான். கூடப்பிறந்தவனை அடிக்கலாம், பிறகு பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி அழலாம். கொம்பாத்ரேயிடம் ஒரு கடுஞ்சொல் பேசினாலே பாவம். கை ஓங்கிவிட்டால் அந்தப் பாவத்துக்குக் கரையே கிடையாது.

சண்டை வந்தபோது எவரிஸ்தோ மெக்சிகோ அரசாங்கத்தின்மேல் இருந்த கோபத்தில் கோட்டைக்குள் போனான். நிக்கானோர் உள்ளூர்ப் பட்டாளத்தில் சம்பளக்காரன்; வெளியே நின்றான். எவரிஸ்தோ பாதியில் கடிதம் எடுத்துக்கொண்டு தூது போனதால் பிழைத்தான். நிக்கானோர் நொண்டிக்கொண்டு வீடு வந்தான். வாய் திறந்தால் சண்டை வரும், சண்டை வந்தால் உறவுக்கு இழுக்கு, அதனால் மரியாதை கருதித்தான் பேசாமல் இருக்கிறார்கள் என்று ஊர் நினைத்தது. மடைக்காரக் கிழவர் செராபியோ எல்லாருக்கும் அவர்களைக் காட்டுவார். "பாத்துக்கோங்கடா! இவனுங்கதான் கொம்பாத்ரே. வாயைத் தொறந்தாதானே வம்பு?"

அவசியமான பேச்சு எவரிஸ்தோவின் கோவேறு கழுதை வழியாக நடந்தது. நிக்கானோர் வேலியருகே வந்து அதன் காதில் சொல்வான்: "தம்பி, உங்க வீட்டு ஆடு என் பூசணிக்கொடியை மேஞ்சிடுச்சுன்னு உங்க எஜமான்கிட்ட சொல்லு." எவரிஸ்தோ கழுதையின் மறுகாதில் சொல்வான்: "கட்டிப் போடுறேன்னு சொல்லு." கழுதை இரண்டு பேரையும் பார்த்துத் தும்மும்.

லியோகாதியா அவரைக்கொட்டையும் சோள ரொட்டியும் பானையில் வைத்து நிக்கானோரின் வாசலுக்கு அனுப்புவாள். பெண்டாட்டியை இழந்த மனுஷன், சமைக்கத் தெரியாது. காலிப் பானையாக ஒருநாளும் திரும்பி வந்ததில்லை. ஒருநாள் காடை இருக்கும், ஒருநாள் பிலிபாவுக்கு மரத்தில் செதுக்கிய பொம்மை இருக்கும்.

தூர் வார வேண்டிய வாரம் வந்தது. எவரிஸ்தோ மண்வெட்டியைத் தொடவில்லை. ராத்திரிச் சாப்பாட்டில் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "ரியோ கிராந்தே ஆத்துக்குத் தெக்கே போயிடலாம். என் அண்ணன் நிலம் தர்றேங்கிறான்."

"எங்க ஆளுங்க எல்லாரும் அந்தக் கோயில் வாசல்லதான் புதைஞ்சு கிடக்காங்க. அவங்களை யாரு பாத்துப்பா? உங்க அண்ணனா?"

"இங்க இருக்க முடியலை, லியோகாதியா."

"ஏன் முடியலை? எல்லாரும் இருக்காங்கல்ல? என்ன வந்துச்சு உனக்கு?"

அவன் தட்டைத் தள்ளி வைத்தான். பிறகு குரல் உடைந்து சொன்னான். "நான்தான் சுட்டேன்."

"யாரை?"

"முற்றுகை ஆரம்பிச்ச புதுசுல மெக்சிகோ பட்டாளத்து ஆளுங்க வாய்க்கால் ஓரமா குடிசைங்களுக்கு நடுவுல பதுங்கி வந்தாங்க. நான் சுவர்மேல நின்னேன். சுட்டேன், ஒருத்தன் விழுந்தான். விழுந்தப்புறம்தான் பாத்தேன், அவன் மேல நீலப் போர்வை. நீ நெய்ஞ்சு கொடுத்த போர்வை."

லியோகாதியாவின் கையிலிருந்த ரொட்டி கீழே விழுந்தது. ஞானஸ்நானத்தன்று கொம்பாத்ரேக்குச் சீராக அவள் தன் கையால் அவுரியில் சாயம் தோய்த்து நெய்த போர்வை அது. ஓரத்தில் வெள்ளைக் கோடு, அந்த ஊரில் வேறு யாரிடமும் கிடையாது.

"அதுக்கப்புறம் அந்தச் சுவர்மேல என்னால நிக்க முடியலை. தூது போக ஆள் கேட்டப்போ முதல்ல நான்தான் கை தூக்கினேன். அவரைச் சுட்டதாலதான் நான் உயிரோட இருக்கேன். தினமும் அவர் நொண்டி நொண்டிப் போறதைப் பாத்துக்கிட்டு இங்கயே எப்படி இருக்கிறது, சொல்லு."

அவள் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவன் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நிலம் போனால் போகட்டும். இவன் இந்தச் சுமையோடு எந்த ஆற்றைத் தாண்டினாலும் அது கூடவே வரும் என்று அவளுக்குத் தெரிந்தது.

மறுநாள் காலையில் அவளே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பொம்பளை வாய்க்காலில் இறங்குவது அந்த ஊரில் கேள்விப்படாத விஷயம். செராபியோ கரையில் நின்று தலையில் அடித்துக்கொண்டார். "அடி பாதகத்தி! ரெண்டு ஆம்பளைங்க இருந்தும் உனக்கு ஏம்மா இந்த வேலை?"

"ஆம்பளைங்க ரெண்டு பேரும் கழுதைகிட்ட பேசப் போயிருக்காங்க. வந்ததும் அனுப்பி வைங்க."

அரை நாழிகைக்குள் ஊர் முழுக்கச் சேதி போய்விட்டது. அவளுக்கும் அதுதானே வேண்டும்! முதலில் நிக்கானோர் நொண்டிக்கொண்டு வந்தான். காலுறையைக்கூட உருவாமல் சேற்றில் இறங்கினான். பின்னாலேயே எவரிஸ்தோ முகம் கறுத்து வந்தான். பெண்டாட்டி கையிலிருந்து மண்வெட்டியைப் பிடுங்கினான். மூன்று பேரும் மூன்று திசையைப் பார்த்துக்கொண்டு கல் பொறுக்கினார்கள்.

கடைசியில் ஒரு பெரிய கல் குறுக்கே கிடந்தது. கோயில் கல், ஒரு பக்கம் பூ செதுக்கியிருந்தது. ஓர் ஆள் அசைக்க முடியாது. இரண்டு பேரும் இரண்டு முனையைப் பிடித்தார்கள். ஒருவன் தூக்கும்போது மற்றவன் மூச்சு வாங்கினான், கல் நகரவில்லை.

"இங்க கழுதை இல்லை. வாயைத் தொறந்து சேந்து தூக்குங்க" என்றாள் லியோகாதியா.

நிக்கானோர்தான் ஆரம்பித்தான். "கொம்பாத்ரே, நான் மூணு சொல்றப்போ தூக்குங்க. ஒண்ணு, ரெண்டு..."

ஒரு வருஷத்துக்குப் பிறகு கேட்ட குரல். எவரிஸ்தோ கல்லை விட்டுவிட்டுச் சேற்றிலேயே மண்டியிட்டான். "கொம்பாத்ரே, என்னை மன்னிச்சிடுங்க. உங்க காலை நான்தான் சுட்டேன். சுவர்மேலிருந்து. நீலப் போர்வையைப் பாத்தேன்."

நிக்கானோர் வாயைப் பிளந்து நின்றான். அப்புறம் சிரித்தானே ஒரு சிரிப்பு! கரையில் இருந்த செராபியோ பயந்துபோய்ச் சிலுவை போட்டுக்கொண்டார்.

"காலா? இதுவா? அட கடவுளே! கொம்பாத்ரே, சத்தம் போடாதீங்க, ஊரு கேட்டா என் மானம் போயிடும். இது கழுதை உதைச்ச கால்!"

"என்ன?"

"பட்டாளத்துக் கழுதை. பசி தாங்காம அது முதுகு மூட்டைல கைவிட்டு அவரைக்கொட்டை எடுத்தேன். பின்னாலேருந்து எடுத்தது என் தப்பு. வச்சுது பாருங்க ஒண்ணு! சண்டை முடியிற வரைக்கும் வண்டில குப்புறக் கிடந்தேன். ஊரு என்னைப் பாத்துத் தொப்பியைக் கழட்டுதேன்னு நானும் வாயை மூடிக்கிட்டேன்."

"அப்போ போர்வை?"

"அதை முதல் நாளே எவனோ திருடிட்டான். பாவிப்பய. என் கொமாத்ரே கையால நெய்ஞ்ச போர்வை."

எவரிஸ்தோ அழுதான், சிரித்தான், சேற்றுக் கையோடு அவனைக் கட்டிக்கொண்டான். "ஒரு வருஷம்! ஒரு வருஷமா என்னைக் கொன்னுட்டீங்களே. ஒரு கழுதைக்காகவா?" பிறகு முகம் வாடி, "அப்போ விழுந்தவன் யாரோ?" என்றான்.

"போர்வைத் திருடன்தான். அவனுக்கும் ஒரு மெழுகுவத்தி ஏத்திடுவோம்."

கல் ஒரே தூக்கில் கரையேறியது. செராபியோ மடையைத் திறந்தார். பழுப்புத் தண்ணீர் சருகுகளைத் தள்ளிக்கொண்டு கோயில் சுவர் ஓரமாக வந்தது. லியோகாதியா கை நிறைய அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டாள். அழுதது தெரியக்கூடாதே.

ஞாயிற்றுக்கிழமை சான் ஃபெர்னாந்தோ கோயிலில் எவரிஸ்தோ பெயர் தெரியாத அந்தத் திருடனுக்காக மெழுகுவத்தி ஏற்றினான். நிக்கானோர் பக்கத்தில் முழங்காலிட்டு, "ஆண்டவரே, அந்த அப்பாவியோட ஆத்துமாவுக்கு இளைப்பாற்றியைக் கொடும்" என்று எல்லாரையும்விட உரக்கச் சொன்னான். ரியோ கிராந்தேயைத் தாண்டிப் போகிற பேச்சு அதன்பின் வீட்டில் எழவேயில்லை.

சோளம் முளைவிட்ட பிறகு ஒரு நாள் அவர்களுடைய முறைத்தண்ணீர். எவரிஸ்தோ வயலில் நின்றான். லியோகாதியா பானையை எடுத்துக்கொண்டு தானே நிக்கானோரின் குடிசைக்குப் போனாள். கதவு திறந்திருந்தது. அவன் கொல்லையில் விறகு பிளந்துகொண்டிருந்தான். கட்டிலில் விரித்துக் கிடந்தது நீலப் போர்வை, ஓரத்தில் வெள்ளைக் கோடு.

அவள் பானையை இறக்கி வைத்தாள். போர்வையைக் கையில் எடுத்தாள். தொடை உயரத்தில், கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை இருந்திருக்கிறது. சுற்றிலும் எத்தனை முறை துவைத்தும் போகாத பழுப்புக் கறை. தடித்த நூலால், ஆம்பளைக் கையால், கோணல்மாணலாக இழுத்துத் தைத்திருந்தது.

விறகோடு உள்ளே வந்த நிக்கானோர் அப்படியே நின்றுவிட்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவன் பிடிபட்ட முகம்.

"எலி கடிச்சிடுச்சு, கொமாத்ரே" என்றான் மெதுவாக.

"ஓகோ. முன்னாடி கழுதை, இப்போ எலி. பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும், கொம்பாத்ரே."

அவன் விறகைக் கீழே போட்டான். "அவரு தாங்கமாட்டாரு. உங்களுக்குத் தெரியாதா? எனக்கு வலிச்சது ஒரு மாசம். அவருக்குச் சாகற வரைக்கும் வலிக்கும்."

லியோகாதியாவுக்கு அவன் காலில் விழுந்துவிடலாமா என்று இருந்தது. விழுந்தால் அவன் கூச்சத்திலேயே செத்துப்போவான். "நூல் இருக்கா? கத்தரி எடுங்க" என்றாள்.

வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து அவன் போட்ட தையலையெல்லாம் பிரித்தாள். கறை பட்ட இழைகளை ஒவ்வொன்றாக உருவினாள். போர்வையின் மடித்த ஓரத்திலிருந்து அதே நீல இழையை எடுத்து, ஊடும் பாவுமாகக் கோத்து இறுக்கினாள். வெயில் இறங்கும்போது, எங்கே இருந்தது ஓட்டை என்று அவளுக்கே தேட வேண்டியிருந்தது.

வாசலில் எவரிஸ்தோவின் குரல் கேட்டது. "கொம்பாத்ரே! தண்ணி கடைசி வரப்பு வரைக்கும் போயிடுச்சு!" உள்ளே எட்டிப்பார்த்தவன், மடியில் கிடந்த நீலத்தைக் கண்டு நின்றான். நிக்கானோர் வாயைத் திறந்தான்.

லியோகாதியா முந்திக்கொண்டாள். "பழைய நூல் மிச்சமிருந்துச்சு. கொம்பாத்ரேக்குத் திருட்டுப் போனதுக்குப் பதிலா இன்னொண்ணு நெய்ஞ்சேன். எப்படி இருக்கு?"

எவரிஸ்தோ கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு போர்வையைத் தடவிப் பார்த்தான். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை விரல்கள் போயின; எங்கேயும் தட்டவில்லை.

"பழசைவிட இது நல்லா இருக்கு" என்றான். அதைத் தன் கையாலேயே விரித்து, கொம்பாத்ரேயின் தோளில் போர்த்திவிட்டான்.