நடிப்பு என்றார் கார்வின்

அலுவலக வாசலில் வேன் உறுமிக்கொண்டு நின்றது. அமெரிக்காவின் யூட்டா பாலைவனத்தில் எங்கள் முகாமுக்குப் போகும் வேன். கைமீறிப் போன பிள்ளைகளை வாரக்கணக்கில் மலையில் நடக்கவிட்டுத் திருத்துகிற இடம். உடம்பு தாங்குமா என்று பார்த்து ஏற்றி அனுப்புவது என் வேலை.

மேரனுக்குப் பதினாறு வயது. ஓடிவிடக் கூடாதென்று அவள் காலணிகளை வாங்கி வைத்திருந்தோம்.

"ஓடினா மயக்கம் வரும்," என்றாள். "நெஞ்சு படபடன்னு அடிச்சிட்டு, சட்டுனு எல்லாம் இருட்டிடும்."

மேலாளர் கார்வின் சிரித்தார். "போன தடவை வந்தவனுக்குக் கண்ணே தெரியலையாம். மலை ஏறினதும் எனக்கே கழுகைக் காட்டுறான். நடிப்புப்பா. ஏத்து வண்டியில."

பிள்ளை சொல்வதை நம்பாதே. இங்கே முதலில் சொல்லித் தருவது அதுதான். நானும் நம்பியதில்லை, பெரும்பாலும் தப்பாகவும் போனதில்லை. ஆனால் நடிக்கிறவர்கள் என் முகத்தைப் பார்த்து நடிப்பார்கள். இவள் ஜன்னல் வழியே வேனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கடைசியா எங்க விழுந்த?"

"நீச்சல் குளத்துல. யாரோ தூக்கிக் கரையில போட்டாங்க. வெளிய சொல்லாதன்னு அம்மா சொன்னாங்க."

"அவங்க அம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாம்," என்றேன் கார்வினிடம்.

"டாக்டரே சரின்னுட்டார். காலேஜப் பாதியில விட்டவன், நீ என்ன புதுசா கேக்கப்போற?"

"தெரியாததத்தான்."

போனை மேசைமேல் வைத்து எல்லோருக்கும் கேட்கும்படி போட்டேன். மேரன் விழுந்ததைப் பற்றி அவள் அம்மாவிடம் கேட்டேன்.

"இதே மாதிரி ரெண்டு இடத்துல உண்மையச் சொன்னோம். இதயத்துல கோளாறுன்னதும் சேர்க்க மாட்டேன்னுட்டாங்க. அதான் எதையும் சொல்லாம வேற டாக்டர்கிட்ட போனோம். போதை மாத்திரையப் போட்டுட்டு ராத்திரியில எங்க கிடக்கிறாளோ தெரியல சார். வீட்டுல வெச்சா கண்டிப்பா செத்துடுவா. அங்கன்னா பொழச்சாலும் பொழைப்பா."

கார்வின் ஜன்னல் வழியே வேன்காரனைப் பார்த்துப் போகச் சொல்லிக் கையை ஆட்டினார். வேன் அவளை விட்டுவிட்டுக் கிளம்பியது.

"அப்ப அவள எங்கதான் சேர்க்கிறது?" என்றது போன்.

"முதல்ல ஆஸ்பத்திரி," என்றேன் மேரனிடம். "கார்ல அரை நாள் ஆகும்."

அவள் எழுந்திருக்கவில்லை. "நான் சொன்னா அங்கயும் நடிக்கிறேன்னுதான் சொல்லுவாங்க. நீங்க உள்ள வந்து சொல்லுவீங்களா?"

"சொல்றேன்."

"வாசல்லயே விட்டுட்டுப் போயிட மாட்டீங்களே?"

கார்வின் தன் கார் சாவியை என் முன் வைத்துவிட்டு, எங்கள் இருவரையும் பார்க்காமல் வெளியே போனார்.