கூரைக்கும் குழாய்க்கும் நடுவே

விடியற்காலை நைரோபிக் குளிர் இரும்பில் ஏறி உட்கார்ந்திருந்தது. இருக்கைகளைக் கழற்றி வெளியே போட்டுவிட்டு, மலையேற்றப் பந்தய ஜீப்புக்குள் மல்லாந்து கிடந்தான் பராசா. வண்டி உருண்டாலும் உள்ளே இருப்பவர் நசுங்காமல் காக்கிற குழாய்க் கூண்டைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். பொறி கழுத்துக்குள் விழுந்தது, உதறக்கூட இடமில்லை.

மேல்மூட்டுகளில் கூரையைப் பார்த்த முதுகுப்பக்கம் மட்டும் பாக்கி. கூரைக்கும் குழாய்க்கும் நடுவே விரல் நுழையாது; வெல்டிங் கைப்பிடி எங்கே நுழையும்? வழி இருந்தது. நான்கு கால்களுக்கும் அடியில் வண்டித் தரையை வெட்டி, கூண்டைச் சாண் அளவு கீழே இறக்கி, முதுகைப் பற்றவைத்து, மறுபடி தூக்கித் தகடு போட்டு மூடவேண்டும். முழுநாள் வேலை. காலுக்கு ஓர் ஆள்.

முதலாளி முரீதியிடம் முழுநாள் இல்லை. மாலையில் வண்டி பந்தயத்துக்குக் கிளம்ப வேண்டும். "உயிரே முதல்" என்று பட்டறைச் சுவரில் ஆளுயரத்துக்கு எழுதிவைத்து, அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொள்பவர் அவர். எழுத்துக்குக் கிடைத்த பெயின்ட்டில் பாதித் தாராளம் கையுறைக்குக் கிடைத்ததில்லை.

"பட்டி பூசி பெயின்ட் அடிச்சு விடு, பராசா. மேல எவன் ஏறிப் பாக்கப்போறான்?"

"வண்டி உருண்டா தரை பாக்கும், மொதலாளி."

"வாயப் பாரு! நாமெல்லாம் ஒரே குடும்பம்யா."

"போன வருசம் மேல்மூட்டு வாயப் பொளந்து, பின்னால உக்காந்து போன நம்ம ஒட்டியேனோ கழுத்து ஒடிஞ்சு கெடக்கானே, குடும்பத்துலேர்ந்து யாரு போய்ப் பாத்தீங்க?"

சங்கடம் வந்தால் கைக்கடிகாரத்தைப் பார்ப்பது முரீதியின் வழக்கம். பார்த்தார். "அது பத்தவச்சவன் தப்பு. அவனத்தான் வேலைய விட்டு அனுப்பியாச்சே."

இந்தப் பந்தயத்தில் பின்னால் உட்கார்ந்து போய், வண்டி சிக்கினால் வடக்கயிறு கட்டி இழுக்கப்போகிறவன் கிப்ரோனோ. கூண்டின் குழாய்களை வளைத்தவனும் அவன்தான்.

"பயமாடா உனக்கு?" என்றார் முரீதி.

காலைப் பலகாரமான மண்டாசியை வாயில் வைத்தபடி நின்றான் கிப்ரோனோ. "பயந்தான். வண்டிய விட்டு எறங்குனா வேலைய விட்டும் எறங்குன்னு நீங்கதான சொன்னீங்க?"

பராசாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. முகமூடியை வீசிவிட்டு வெட்டும் இயந்திரத்தை எடுத்து வண்டித் தரையில் வைத்து அழுத்தினான். தகடு அலறியது.

"இன்னும் ஒரு ஓட்டை போட்டேன்னா, வெளிய போயிடு!"

போட்டான். மற்ற இரண்டையும் போட்டான். பிறகு கூண்டைப் பிடித்து அசைத்தான். அது அசையவில்லை. தனியாளாகக் கோபப்படலாம், தனியாளாகக் கூண்டை இறக்க முடியாது. நெற்றியைக் குழாயில் முட்டிக்கொண்டு நின்றான்.

பெயின்ட் அடிக்கும் மும்புவா தெளிப்புத் துப்பாக்கியைக் கீழே வைத்தாள். "முழுசாப் பத்தாத மூட்டுல என் பெயின்ட் ஒட்டாது, மொதலாளி." வந்து முன்காலைப் பிடித்தாள். கிப்ரோனோ மண்டாசியைச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு பின்காலுக்குப் போனான். அனுப்பப்பட்டவன் இடத்துக்கு வந்த மகோகா முதலாளியைப் பார்த்தான், கூண்டைப் பார்த்தான்.

"அடுத்த பழி எந்தலையிலதான விழும்? தள்ளுங்கண்ணே."

"நாலு பேருக்கும் நாளையிலேர்ந்து வேலை இல்ல!" வேறு ஆட்களைக் கூப்பிட முரீதி கைபேசியை அழுத்தினார்.

"நாளைக்குத்தான?" என்றாள் மும்புவா. "இப்பத்தான் விடிஞ்சிருக்கு."

"முழுசாப் பத்தாத கூண்டு எதுவும் இனி இந்த வாசலத் தாண்டாது," என்றான் கிப்ரோனோ. பின்காலை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

"எறக்கு... மெதுவா... மகோகா, உம்பக்கம்... நில்லு!"

கூரைக்குக் கீழே ஒரு சாண் வெளிச்சம் திறந்தது.